புதுப்பிப்பு: விளம்பர காப்பி எழுதி குடுத்தும் வராம இருந்த பணம் வந்துருச்சு

ஏஜென்சி வேலைய விட்டுட்டு ஃப்ரீலான்ஸா விளம்பர காப்பி (விளம்பரத்துல வர்ற வாசகங்கள்) எழுதுறேன், ஒரு கிளையன்ட் திருத்தம் திருத்தம்னு இழுத்துட்டே பணம் தரலன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதல்ல வாரா வாரம் ரிமைண்டர் மெயில் போட்டுப் பார்த்தேன், பதிலே இல்ல. அப்புறம் இங்க ஒருத்தர் சொன்னபடி, முழுப் பணம் வந்தப்புறம்தான் காப்பிரைட் உங்களுக்கு மாறும்னு கொட்டேஷன்ல ஏற்கனவே இருந்த வரிய எடுத்து இன்வாய்ஸோட சேர்த்து அனுப்பினேன், அதுதான் வேலை செஞ்சுது, 4-ம் நாள் பணம் வந்துருச்சு. இப்போ புது வேலைக்கெல்லாம் பாதி அட்வான்ஸ், 2 ரவுண்டு திருத்தம், அதுக்கு மேல தனி சார்ஜ். எதிர்பார்க்காதது, ரொம்ப நாள் பழகின ஒரு கிளையன்ட் இதுக்கு ஒத்துக்காம போயிட்டாரு, அது நிஜமாவே வலிச்சுது, ஆனா திருத்தம் குறைஞ்சதால இப்பல்லாம் பொண்ணு தூங்குறதுக்கு முன்னாடியே லேப்டாப்ப மூடிட முடியுது.