கருப்பையா தாத்தா குடும்பம், சுங்கை சிப்புட், மலேசியா (குடும்ப அரட்டைக் குழு)

குமார்: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை யாழினி பரிசத்துக்கு மண்டப வாசலில் வாழை கட்ட வேண்டும், குருத்தோலைத் தோரணமும் பின்ன வேண்டும். ஓலை கிழிக்கச் சிறிய கத்தி தேவை. ரத்தினம் சித்தப்பா, உங்கள் சிவப்புக் கத்தியை வெள்ளி இரவு வந்து வாங்கிக்கொள்ளட்டுமா?

தேவி: கேட்டேவிட்டாயா!

லோகேஸ்: தொலைந்தது.

ரத்தினம் சித்தப்பா: குமார், கத்தி இரவல் கிடையாது.

சரசு அத்தை: சாப்பாடு சைவமா அசைவமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். யாராவது சொல்லுங்கள்.

ரத்தினம் சித்தப்பா: காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு கஞ்சன் என்று பேச வேண்டாம். உங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்குப் போவதற்குள் தன் கத்தியைத் தானே தீட்டுவார். பக்கத்து நிரைக்காரர் கேட்டாலும் கொடுக்க மாட்டார். அது அவர் கையின் சாய்வுக்குப் பழகிய கத்தி. அடுத்தவர் பிடித்தால் ஆழம் தப்பும். உள்ளே மரத்தை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். அதைத் தாண்டிக் காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது.

லோகேஸ்: மாமா, இது தென்னை ஓலை.

ரத்தினம் சித்தப்பா: தெரியும். சொல்லி முடிக்கவில்லை. என்னுடையது சுவிட்சர்லாந்தின் விக்டோரினோக்ஸ். 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கியவர்கள். மூடி வைத்தால் 91 மில்லிமீட்டர். அலகுக்குப் பூட்டு இல்லை. தெரியாதவன் நுனியை வைத்து நெம்பினால் மடங்கி அவன் விரல் மேலேயே விழும். கவிதா முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது.

தேவி: தேர்வு எப்போது சித்தப்பா?

லோகேஸ்: பட்டணத்து இரும்புக் கடையில் 5 வெள்ளிக்கு (ரிங்கிட்) கத்தி கிடைக்கிறது.

ரத்தினம் சித்தப்பா: வாங்கு. யார் தடுத்தார்கள்?

குமார்: சித்தப்பா, வேலை முடிந்ததும் தீட்டி, துடைத்துத் தந்துவிடுகிறேன்.

ரத்தினம் சித்தப்பா: உன்னைத் தீட்டச் சொன்னது யார்? போன தீபாவளிக்கு உன் அம்மாவின் அரிவாள்மனையைச் சிமெண்டுப் படியில் தேய்த்தவன்தானே நீ? இன்னும் அவர் வெங்காயத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறார்.

பவானி அக்கா: கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதீர்கள், சண்டை வரும். கீழே வைத்து எடுக்க வேண்டும்.

தேவி: கொடுக்காமலே வந்துவிட்டது அக்கா.

ரத்தினம் சித்தப்பா: ஒரே ஒரு முறை கொடுத்தேன். பவானி கல்யாணத்தில். திரும்பி வரும்போது நுனி இல்லை. யாரோ டுரியான் பிளவில் செருகித் திருகியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தேய்த்துத் தேய்த்து ஒரு நுனி வரவழைத்தேன். அலகு குட்டையாகிவிட்டது.

பன்னீர் மாமா: யாரோ என்றால் யார்?

ரத்தினம் சித்தப்பா: யாரோ.

பன்னீர் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

தேவி: நான் படித்துவிட்டேன் மாமா.

பவானி அக்கா: என் கல்யாணத்தை விட்டுவிடுங்கள். அன்று தயிரும்தான் பற்றாமல் போனது.

லோகேஸ்: டுரியான் என்றதும் நினைவு வருகிறது. கோலகங்சார் பக்கம் இந்த முறை பழம் எப்படி?

பவானி அக்கா: இன்னும் விழவில்லை. இப்போதே விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

சரசு அத்தை: [குரல் பதிவு 2:14]

தேவி: அத்தை, எழுதுங்கள். நான் வேலையில் இருக்கிறேன்.

சரசு அத்தை: சைவமா அசைவமா?

ரத்தினம் சித்தப்பா: இன்னொன்றும் இருக்கிறது. இரவில் கத்தியோடு மோட்டார் சைக்கிளில் போகிறான், வழியில் போலீஸ் சோதனை என்றால்? 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கவிதா சொல்லட்டும்.

கவிதா: அப்பா, அது தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைப் பற்றியது. தோரணம் நல்ல காரணம்தான். சரசு அத்தை, ஒன்று கேட்கட்டுமா? அப்பாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்தீர்களா?

தேவி: ஓ.

லோகேஸ்: ஓ.

பன்னீர் மாமா: அழைப்பிதழைக் குழுவில் போட்டேனே.

ரத்தினம் சித்தப்பா: பார்த்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது. கோயில் குழுவிலும் அதே படம்தான். தாய்மாமன் எந்தக் குழுவில் சேர்த்தி என்று தெரியவில்லை.

சரசு அத்தை: அண்ணா, வியாழக்கிழமை தட்டோடு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. தட்டோடு திரும்பினேன். பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ரத்தினம் சித்தப்பா: வியாழன் ஈப்போவில் கண் மருத்துவரிடம் இருந்தேன். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெள்ளிக்கு மாற்றியிருப்பேன்.

சரசு அத்தை: சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கும் ஈப்போவில்தான் இருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

பவானி அக்கா: அத்தை...

யாழினி: மாமா, மாலை போட நீங்கள்தான் வர வேண்டும். கத்தி வராவிட்டாலும் பரவாயில்லை.

ரத்தினம் சித்தப்பா: யாழினி, நீ இதில் பேசாதே அம்மா. போய்ப் புடவைக்கு ரவிக்கை தைத்தாயிற்றா பார்.

யாழினி: தைத்தாயிற்று மாமா.

ரத்தினம் சித்தப்பா: கத்தி என் சட்டைப்பையை விட்டு வெளியே போகாது. ஓலையை நான் கிழித்துத் தருவேன், குமார் பின்னட்டும். ஈர்க்கை எப்படி உருவுவது என்று அவனுக்கும் காட்ட வேண்டியிருக்கிறது.

குமார்: அப்படியென்றால் வருகிறீர்கள்! வெள்ளி இரவு எத்தனை மணிக்கு?

ரத்தினம் சித்தப்பா: ஓலையைப் பற்றித்தான் சொன்னேன். வருவதைப் பற்றி நாளை பேசலாம்.

பன்னீர் மாமா: நாளை மாலை 5 மணிக்கு நானும் சரசுவும் வீட்டுக்கு வருகிறோம் மச்சான். இருப்பீர்கள்தானே?

கவிதா: இருப்பார் மாமா. சாவியை அம்மா வைத்துக்கொள்வார்.

ரத்தினம் சித்தப்பா: வருகிறவர்கள் டுரியான் கொண்டு வர வேண்டாம்.

லோகேஸ்: குமார், எதற்கும் அந்த 5 வெள்ளிக் கத்தியையும் வாங்கி வை.

குமார்: வாங்கிவிட்டேன். சித்தப்பாவிடம் சொல்லாதே.

தேவி: இதே குழுவில்தான் எழுதியிருக்கிறாய்.

சரசு அத்தை: [குரல் பதிவு 3:02]

பவானி அக்கா: சைவம் என்றே சொல்லிவிடுங்கள் அத்தை. ஆனால் தயிரைக் கூடுதலாகச் சொல்லுங்கள்.