காட்பாடி ஜங்ஷன் வேலூருக்குள் ஏன் இல்லை? ஒரு பாலாற்றுப் பஞ்சாயத்து

கோட்டை வாசல்:
காட்பாடிக்காரர்கள் கல்லை எடுப்பார்கள் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். கோட்டை, சி.எம்.சி. ஆஸ்பத்திரி, பழைய பஸ் ஸ்டாண்டு எல்லாம் பாலாற்றுக்குத் தெற்கே. ரயில் மட்டும் வடக்கே. வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர், ரயிலில் ராத்திரி பகலாகப் படுத்துக் கிடந்து வந்தபிறகு, ஆட்டோக்காரரிடம் பாஷை தெரியாமல் பேரம் பேச வேண்டும். 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் கோட்டையில் கொடுத்த அடியை வெள்ளைக்காரன் மறக்கவில்லை, அதனால்தான் மெயின் லைனை ஊருக்குள் விடவில்லை என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். 2022 மே மாதம் காட்பாடி நிலையத்தைப் புதிதாகக் கட்ட அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பணத்தை ஊருக்குள் இருக்கும் வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

விருதம்பட்டு வாசி:
காட்பாடியும் அதே வேலூர் மாநகராட்சிதான் தலைவரே. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் பாகாயம் வரைக்கும் போகலாம். இதில் "ஊருக்கு வெளியே" எங்கே வந்தது?

லைன் பாக்ஸ்:
1806 கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. சென்னை ராயபுரத்திலிருந்து முதல் ரயில் வந்தது 1856-ல், கலகம் நடந்து சரியாக ஐம்பது வருஷம் கழித்து. அந்த ரயில் எங்கே வந்து நின்றது? ஆற்காடு என்று பேர், நின்ற இடம் வாலாஜா ரோடு. வேலூர் மாதிரியே ஆற்காடும் ஆற்றுக்குத் தென்கரை, ரயில் நின்றது வடகரை. ஆற்காட்டில் எந்தச் சிப்பாய்க்குப் பயந்தார்கள்? அதோடு, படைக்குப் பயந்தவன் படையை ஏற்றி இறக்க ரயிலைப் பக்கத்தில்தானே வைப்பான்? பாலாற்றின் அகலத்தைப் பாருங்கள், காரணம் அங்கேயே கிடக்கிறது. இந்த இடத்தில் கரை மாறாமல் போனால் ஒரு பெரிய பாலத்தின் செலவு மிச்சம்.

கோட்டை வாசல்:
ஆற்றுக்குப் பயந்தவர்கள் காட்பாடிக்குக் கிழக்கே திருவலத்தில் பொன்னையாற்றைத் தாண்டவில்லையா? 2021 டிசம்பரில் அந்தப் பாலத்தில் விரிசல் என்று எத்தனை ரயிலை நிறுத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஆற்காடு பக்கம் பாலாற்றைத் தாண்டித் தென்கரையோடு வந்திருந்தால் பொன்னையாறு குறுக்கே வந்திருக்கவே வந்திருக்காது. அது வடக்கேயிருந்து வந்து பாலாற்றில் விழுகிற ஆறு.

லைன் பாக்ஸ்:
இது நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொன்னையையும் ஆற்காட்டுப் பாலாற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. திருவலத்தில் நின்று பார்த்துவிட்டு ஆற்காட்டுப் பாலத்தில் ஒரு தடவை நடந்து போங்கள். எப்படியும் ஒரு ஆற்றைத் தாண்டியாக வேண்டும் என்றால் சின்னதைத்தான் தாண்டுவான். எனக்குத் தோன்றும் கணக்கு இது.

போளூர் பேரன்:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். காட்பாடியை ஜங்ஷன் ஆக்கியது மெயின் லைன் இல்லை, எங்கள் சின்ன லைன். 1890-களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாக வந்து, காட்பாடியைத் தொட்டு, சித்தூர், பாகாலா என்று போன மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி குறைந்த பாதை. கம்பெனியும் வேறு. மெயின் லைன் மெட்ராஸ் ரயில்வே, இது சவுத் இந்தியன் ரயில்வே. அகலப்பாதை வரும்வரை இரண்டு லைனும் ஒரே ஸ்டேஷனில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பங்காளி மாதிரி, ஒருவர் தண்டவாளத்தில் மற்றவர் வண்டி ஓடாது. தாத்தா மணிலாக்கொட்டை மூட்டையோடு போளூரில் ஏறினால், காட்பாடியில் இறக்கி, மறுபடி பெரிய ரயிலில் ஏற்ற வேண்டும். கூலி கொடுத்தே லாபம் போச்சு என்பார். வேலூர்ப் பக்கம் அகலப்பாதை முடிந்தது 2010-ல்தான்.

கோட்டை வாசல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன் அண்ணா! இப்போது எல்லாம் ஒரே கேஜ். பாலாற்றில் ரயில் பாலமும் இருக்கிறது. அப்புறம் என்ன தடை?

லைன் பாக்ஸ்:
தடை ஸ்டேஷன் அமைப்பில் இருக்கிறது. மெயின் லைன் கிழக்கு மேற்காகப் போகிறது. வேலூர் லைன் மேற்கு முனையில் பிரிந்து தெற்கே திரும்புகிறது, திருப்பதி லைன் கிழக்கு முனையில். அதனால் சென்னையிலிருந்து வரும் வண்டி நேராக வேலூருக்குள் போய்விடும். பெங்களூரிலிருந்து திருப்பதி போகும் வண்டிக்கும் சிக்கல் இல்லை. ஆனால் பெங்களூரிலிருந்து வேலூர், திருவண்ணாமலை போக வேண்டுமானால் காட்பாடியில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். அந்த நேரம் முழுக்க ஒரு பிளாட்பாரம் அடைபட்டுக் கிடக்கும். சென்னை - மைசூரு வந்தே பாரத்தை ஊருக்குள் சுற்றிவரச் சொல்வீர்களா? அதுவும் ஒற்றைப் பாதையில்?

விருதம்பட்டு வாசி:
ஆக வண்டிகள் காட்பாடியில்தான் நிற்கும். நன்றி, வணக்கம்.

கோட்டை வாசல்:
இருங்கள், அவசரப்படாதீர்கள். வந்தே பாரத்தை யார் கேட்டது? சென்னையிலிருந்து நேராக உள்ளே வரலாம் என்று லைன் பாக்ஸ் சாரே சொல்லிவிட்டார். அப்படி வந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்று, சென்னை பீச் - கன்டோன்மென்ட் மெமு பாசஞ்சர் ரயில். அதையும் 2024 மே மாதம் திருவண்ணாமலைக்கு நீட்டிவிட்டார்கள். காலையில் கன்டோன்மென்டில் காலி வண்டியில் ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்தவர்கள், இப்போது கிரிவலம் முடித்துத் தூங்கி வழிகிறவர்களுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நிற்கிறோம்.

போளூர் பேரன்:
நாங்கள் அந்த ரயிலுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தோம் தெரியுமா? உங்களுக்கு சீட் போச்சு, எங்களுக்கு சென்னையே கிடைத்தது. அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

லைன் பாக்ஸ்:
சண்டை வேண்டாம். திருப்பதி - பாகாலா - காட்பாடி 104 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதே கையோடு காட்பாடியிலிருந்து கன்டோன்மென்ட் வரையாவது இரண்டாவது தண்டவாளம் கேளுங்கள். ஸ்டேஷனை மாற்று என்று கேட்பதைவிட அது நடக்கக்கூடிய கோரிக்கை.

கோட்டை வாசல்:
கேட்கலாம். ஆனால் பாலாற்றில் இன்னொரு பாலம் கட்ட வேண்டுமே சார். 1856-லேயே அதற்குத்தான் யோசித்தார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?