புகை அலாரம் ராத்திரியில் இருந்து கத்துது, கழற்றி வைக்கலாமா? அவசரமுங்க

கோபி அம்மிணி:
எல்லோருக்கும் வணக்கமுங்க. இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வீட்டில் இருக்கிற புகை அலாரம் ராத்திரியில் இருந்து விடாமல் சத்தம் போடுகிறது. பையன் தூங்கவே மாட்டேன் என்கிறான். அவர் நைட் ஷிப்டில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. வாடகை வீட்டு ஏஜென்டுக்குப் போட்டால் திங்கட்கிழமை கூப்பிடச் சொல்லி ரெக்கார்டிங் பேசுகிறது. முந்தாநாள் அத்தை பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாய் வதக்கும்போதும் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டார். பயர் சர்வீஸ் வந்து அபராதம் போடுவார்களா? கழற்றி வைத்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடுமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

சென்னிமலை, இப்போது டொராண்டோ:
கழற்றவே கூடாது அம்மிணி. ஒண்டாரியோவில் வாடகைக்கு இருப்பவர்கள் அலாரத்தைச் செயல்படாமல் செய்வது சட்டப்படி குற்றம். ஒவ்வொரு தளத்திலும், படுக்கிற இடத்துக்கு வெளியிலும் அலாரம் இருந்தாக வேண்டும். மூன்று மூன்றாக அடித்தால் புகை, நான்கு நான்காக அடித்தால் கார்பன் மோனாக்சைடு, அதாவது வாசனையே இல்லாத விஷ வாயு. நான் வந்த புதிதில் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் இருந்தேன். ஜன்னல் என்று பெயர்தான், பனி மூடிவிட்டால் பகலிலும் இருட்டு. அந்தக் குளிரில் ஹீட்டர் நின்றுபோய் ஜாக்கெட்டோடு படுத்த ராத்திரிகள் உண்டு. முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். தெர்மல் துணி நல்லதாக வாங்கிக்கொள்.

பொள்ளாச்சி, பிரிஸ்பேன்:
குளிர் இல்லைங்க இங்கே பிரச்சினை, அலாரத்தின் வகை. குயின்ஸ்லாந்தில் 2022 ஜனவரி 1 முதல் வாடகை வீடுகளில் ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கிற ஒளிமின் (photoelectric) வகை அலாரம்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்க வேண்டும். 2027 ஜனவரி 1 முதல் சொந்த வீடுகளுக்கும் இதே சட்டம். அயனி (ionisation) என்கிற இன்னொரு வகையாக இருந்தால் அடுப்புப் புகைக்குச் சும்மா சும்மா கத்தும். வீட்டுக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள், அவர் கடமை அது.

ஈரோடு, டல்லாஸ்:
எல்லோரும் சட்டத்தைச் சொல்லி அந்தப் பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம். நம்ம சமையல் இப்படித்தான். தாளிக்கும்போது மட்டும் அலாரத்தின் மேல் ஷவர் கேப்பை, குளிக்கும்போது தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறையை, மாட்டிவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடு கண்ணு. எங்கள் அபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சென்னிமலை, இப்போது டொராண்டோ:
அண்ணா, எடுத்துவிடு என்று சொல்வது சுலபம். அடுப்பை அணைத்து, இலை போட்டு, குழந்தைக்கு ஊட்டி முடிக்கும்போது யாருக்கு அந்தக் கேப் ஞாபகம் இருக்கும்? கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இந்த யோசனை வேண்டவே வேண்டாம்.

தாராபுரம், மெல்பர்ன்:
முதலில் இந்த ஏஜென்டுகளைச் சொல்ல வேண்டும். வாடகை ஒரு நாள் தள்ளினால் காலை ஒன்பது மணிக்கு மெயில் வந்துவிடும், குழாய் ஒழுகுகிறது என்றால் மூன்று வாரம் பதில் இருக்காது. நாங்கள் காலி செய்தபோது மசாலா வாசனை என்று சொல்லி முன்பணத்தில் பிடித்தார்கள். வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கே நாங்கள் எந்த ஊர், என்ன சமைப்போம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதானே சாவி கொடுத்தார்கள்?

பொள்ளாச்சி, பிரிஸ்பேன்:
எங்களுக்கும் அதேதான். கார்ப்பெட்டைச் சுத்தம் செய்த ரசீதைக் காட்டிய பிறகும் பிடித்தார்கள்.

கோபி அம்மிணி:
மன்னிக்கணுமுங்க, எந்த ஊர் என்று சொல்லவே இல்லை. இங்கிலாந்து, கவென்ட்ரி. வரிசை வீடு, மேலே இரண்டு ரூம். அலறுகிற சத்தம் இல்லைங்க, ‘கீச்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு நிமிஷம் போல அமைதி, மறுபடி ‘கீச்’. நேற்று விடியற்காலையும் இப்படித்தான், ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் தானாக நின்றுவிட்டது. மேலே படிக்கட்டு முடிகிற இடத்தில் இருப்பதுதான் கத்துகிறது. சமையலின்போது கத்தியது கீழே சமையலறைக்குள் இருப்பது.

திருப்பூர்:
தங்கச்சி, நான் ஊரில்தான் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் தீத்தடுப்பு வேலை, அலாரங்களைச் சோதிப்பதும் சுத்தம் செய்வதும் என் பொறுப்பு. நீ சொல்வது இரண்டு வேறு வேறு சங்கதி, போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மேலே இருப்பது தீயைப் பார்த்துக் கத்தவில்லை, பேட்டரி தீர்கிறது என்று சொல்கிறது. ராத்திரி ஹீட்டர் நின்று வீடு குளிரும்போது தீரப்போகிற பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் இறங்கும், அதனால்தான் விடியற்காலையில் கத்துகிறது. வீடு சூடானதும் நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டூல் போட்டு ஏறு, அத்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல். பெட்டியின் ஓரத்திலோ பின்பக்கமோ எந்த வருஷத்துக்குள் மாற்ற வேண்டும் என்று அச்சடித்திருக்கும். பொதுவாகத் தயாரித்த தேதியில் இருந்து பத்து வருஷம். அந்தத் தேதி தாண்டியிருந்தால் புது பேட்டரி போட்டும் பயனில்லை, பெட்டியையே மாற்ற வேண்டும். தேதி மிச்சம் இருந்தால் மூடியைத் திறந்து பார். சதுர 9 வோல்ட் பேட்டரி இருந்தால் அதை மட்டும் மாற்று. சில வகையில் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடியிருப்பார்கள், அதைத் திறக்க முடியாது, முழுசாகத்தான் மாற்ற வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் அது வீட்டுக் கரண்டில் ஓடுவது. அதன் ஒயரில் நீ கை வைக்காதே.

பேட்டரி மாற்றிய பிறகும் ‘கீச்’ வந்தால் தூசியைப் பார். ஒளிமின் வகைக்குள் ஒரு சின்ன இருட்டு அறை இருக்கும், அதில் ஓர் ஒளிக்கற்றை போகும். புகை உள்ளே வந்தால் ஒளி சிதறி சென்சார் மேல் விழும், உடனே அலாரம் அடிக்கும். தூசியும் நீராவியும் அதே வேலையைச் செய்யும். எங்கள் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் பக்கம் அலாரத்தைக் கழற்றிப் பார்த்தால் வலையைச் சுற்றிப் பஞ்சு சாம்பல் வளையமாக ஒட்டியிருக்கும், சில சமயம் உள்ளே சிலந்தி கூடு கட்டியிருக்கும். வீட்டில் அவ்வளவு இருக்காது. வேக்குவம் கிளீனரின் மெல்லிய பிரஷ்ஷை வைத்து வெளிப்பக்கம் லேசாக இழுத்தால் போதும். தண்ணீர், ஸ்ப்ரே எதுவும் கூடாது. சீலிங்குக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் அதன் மேலும் சேர்த்து அடித்துவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்.

கவுந்தப்பாடி, லெஸ்டர்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி. இங்கிலாந்துச் சட்டத்தை மட்டும் நான் சொல்கிறேன் கண்ணு, மற்ற நாட்டுக் கணக்கை இங்கே வைத்துக் குழம்பாதே. ஆட்கள் புழங்குகிற ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒரு புகை அலாரம் வீட்டுக்காரர் பொருத்தித் தர வேண்டும். குடி வருகிற அன்று அது வேலை செய்ய வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல், வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் போல எரிபொருள் எரிகிற சாதனம் இருக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம், கேஸ் அடுப்புக்கு மட்டும் விலக்கு. சோதிப்பதும் பேட்டரி மாற்றுவதும் நம் வேலை. மாற்றியும் சரியாகவில்லை என்று சொன்னால் ரிப்பேர் செய்வதோ புதிது போடுவதோ அவர் வேலை. செய்யாவிட்டால் கவுன்சிலிடம், நம்ம ஊர் நகராட்சி மாதிரி, சொல்லலாம், அவருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். சமைக்கும்போது அலாரம் அடித்தது என்பதற்காக உனக்கு யாரும் அபராதம் போட மாட்டார்கள், அந்தப் பயத்தை விடு.

சமையலறையில் புகை அலாரம் வைத்ததே இடம் தப்பு. அங்கே வெப்ப அலாரம்தான் வைக்க வேண்டும். அது புகைக்கு அடிக்காது, சூடு ஏறக்குறைய 58 டிகிரி ஆனால்தான் அடிக்கும். அத்தை எவ்வளவு வரமிளகாய் வதக்கினாலும் சும்மா இருக்கும். இப்போது இருக்கிற புகை அலாரத்தை ஹாலுக்கோ நடைக்கோ மாற்றித் தரச் சொல்லி ஏஜென்டுக்கு மெயில் போடு. சீலிங்கின் நடுவில், சுவரில் இருந்தும் விளக்கில் இருந்தும் 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குளியலறைக் கதவுக்கு நேராக வேண்டாம், நீராவிக்கு அடிக்கும். அது மாறுகிற வரைக்கும் சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே இருக்கிற புகை இழுக்கும் ஃபேனைப் போட்டுவிட்டுத் தாளிக்கச் சொல். தப்பித் தவறி அடித்தால் நடுவில் இருக்கிற பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் பெரும்பாலான அலாரம் சில நிமிஷம் அடங்கியிருந்து, தானாக வேலைக்குத் திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற பழக்கம் இருந்தால் அலாரத்துக்கு நேர் கீழே வேண்டாம்.

கோபி அம்மிணி:
அக்கா, அத்தை டார்ச் அடித்து வருஷத்தைப் படித்துவிட்டார்கள். 2014 என்று போட்டிருக்கிறது. இப்போது என்ன செய்யட்டும்?

கவுந்தப்பாடி, லெஸ்டர்:
அப்படியானால் காலம் முடிந்துவிட்டது. அந்த வருஷம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து இப்போதே மெயிலில் அனுப்பு, போனில் சொன்னால் சாட்சி இருக்காது. திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, காலையில் கடை திறந்ததும் உள்ளேயே பேட்டரி வைத்த பத்து வருஷ அலாரம் ஒன்று வாங்கி மாட்டிவிடு, விலை பெரிதாக இல்லை. ரசீதை ஏஜென்டுக்கு அனுப்பிப் பணத்தைக் கேள். உங்கள் ஊர் பயர் சர்வீஸுக்கும் போன் போடு. பல இடங்களில் இலவசமாக வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், குழந்தையும் பெரியவர்களும் இருக்கிற வீடு என்று சொல்.

திருப்பூர்:
புதிது மாட்டியதும் பொத்தானை அழுத்திச் சோதித்துப் பார், மாதம் ஒரு தடவை அதைச் செய். சோதிக்கும்போது பையனையும் பக்கத்தில் வைத்துக்கொள், சத்தம் பழகட்டும்.

கவுந்தப்பாடி, லெஸ்டர்:
அத்தையிடமும் சொல்லிவை கண்ணு. பகலில் அவர்கள்தான் தனியாக இருப்பார்கள். விடாமல் அலறினால் அடுப்பங்கரைக்கு ஓடக் கூடாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அவசர எண் 999 அடிக்க வேண்டும். பாய்லர் பக்கத்து அலாரம் அடித்தால் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் அவசர எண்ணுக்கு, 0800 111 999. இரண்டு எண்ணையும் தமிழில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவை.