போதை மீட்பு ஆலோசனை: மேற்படிப்புக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து மதுரையில் ஒரு போதை மீட்பு மையத்தில் வேலை பார்க்கிறேன். குடியை நிறுத்திய முதல் சில நாள்கள் கை நடுங்கி டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாதவர்களோடு உட்கார்ந்து பேசுவேன். அது பழகிவிட்டது. உடம்பு தேறிப் போனவர் மறுபடி குடித்துவிட்டு வரும்போது, கூட வரும் மனைவியிடம் எப்படிப் பேசுவது? அங்கேதான் திணறுகிறேன். முறையாகப் படித்தே ஆக வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் மனநல சமூகப்பணி மேற்படிப்பு படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நுழைவுத்தேர்வுக்கு எதைப் படித்தீர்கள்? போதை சிகிச்சைப் பிரிவில் எவ்வளவு நாள் பயிற்சி கிடைத்தது? அப்புறம், சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் போதை சிகிச்சைக்காகத் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையில் பயிற்சி எடுத்தவர்களும் சொல்லுங்கள். சான்றிதழைவிட, பக்கத்தில் உட்கார்ந்து திருத்தும் மூத்த ஆலோசகர்தான் எனக்கு முக்கியம்.