நாய்க்குக் கருத்தடை செய்வதா, விட்டுவிடுவதா: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மதுரை வாசகி

அப்பா வளர்த்த நாட்டு நாயைப் பற்றி எழுதுகிறேன். எட்டு வயதுப் பெண் நாய். ஒருமுறைகூடக் குட்டி போட்டதில்லை. இணைசேரும் பருவம் முடிந்து ஒன்றரை மாதம் போல ஆகியிருந்தபோது, தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் குடித்துக்கொண்டே இருந்தது. சித்திரை வெயில் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பியது, வாந்தி எடுத்தது, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கருப்பை முழுவதும் சீழ் கட்டியிருந்தது. கருப்பை வாய் மூடிக்கொண்டதால் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியவில்லை. அன்றிரவே அறுவை சிகிச்சை செய்தார்கள்.

எடுத்த கருப்பையை மருத்துவர் ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினார். பென்சில் பருமனில் இருக்க வேண்டிய, கொம்பு போலப் பிரியும் கருப்பையின் இரண்டு கிளைகளும் என் முன்கை அளவுக்குப் புடைத்து, மேல்தோல் பளபளவென்று இழுபட்டு, உள்ளே தேங்கியிருந்தது மஞ்சளும் பழுப்புமாக வெளியே தெரியும்படி இருந்தன. “வாயில்லா ஜீவனைக் கத்தி வைத்துக் கெடுக்கக் கூடாது” என்று எத்தனையோ வருடங்களாகச் சொல்லிவந்த அப்பா, அந்தத் தட்டைப் பார்த்தபடி, “இதை வயிற்றில் வைத்துக்கொண்டா காலையில் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. நாய் பிழைத்துக்கொண்டது. சுவீடன் நாட்டின் கால்நடைக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டதில், கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வருவதாக மருத்துவர் சொன்னார். என் வீட்டில் இப்போது ஒரு பெண் குட்டி வளர்கிறது. அதற்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

கோவை, லாப்ரடார் வளர்ப்பவர்

மதுரைச் சகோதரியின் அனுபவம் மனத்தைப் பிசைகிறது. ஆனால் அதைப் படிப்பவர்கள் நாளைக்கே எல்லா நாயையும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். எங்கள் லாப்ரடார் ஆண். “ஆறு மாதம் ஆவதற்குள் முடித்துவிடுவதுதான் நல்லது” என்று நாங்கள் காட்டிவந்த மருத்துவமனையில் உறுதியாகச் சொன்னதால், ஐந்தாம் மாதமே விதைகளை நீக்கினோம். இனத்தைப் பற்றியோ உடல் எடையைப் பற்றியோ அங்கே ஒரு கேள்விகூட எழவில்லை. மூன்று வயதில் பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நடக்க ஆரம்பித்தது. வேறு ஊரில் இருந்த எலும்பு மருத்துவர் அதை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முழங்காலுக்குக் கீழே இருந்த எலும்பை முன்னோக்கித் தள்ளினார். மேசையின் இழுப்பறையைத் திறப்பது போல அந்த எலும்பு வழுக்கி முன்னே வந்தது. உள்ளே தசைநார் அறுந்திருந்தது.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 2013-ஆம் ஆண்டில் கோல்டன் ரெட்ரீவர் நாய்களைப் பற்றியும், அடுத்த ஆண்டில் லாப்ரடாரையும் சேர்த்தும் வெளியிட்ட ஆய்வுகளைப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த லாப்ரடார்களுக்கு மூட்டுக் கோளாறு ஏறக்குறைய இரண்டு மடங்காகவும், கோல்டன்களுக்கு நான்கைந்து மடங்காகவும் இருந்தது. கால் எலும்பின் நுனியில், அதை நீளச் செய்யும் வளர்ச்சித் தட்டுகளை மூடச் சொல்வதே பாலின ஹார்மோன்கள்தாம். அவை முன்கூட்டியே நின்றுபோனால் எலும்பு அளவுக்கு மேல் நீளுகிறது, மூட்டின் கோணமும் மாறுகிறது. அதே குழு 2020-இல் முப்பத்தைந்து இனங்களைப் பார்த்தபோது, சிறிய இனங்களில் இந்தச் சிக்கல் தென்படவில்லை. ஆகவே ‘செய்வதா’ என்று கேட்பவர்கள், ‘எந்த நாய்க்கு, எந்த வயதில்’ என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆண் நாய்க்குக் கருப்பையும் இல்லை, அதில் சீழ் கட்டும் ஆபத்தும் இல்லை. வயதான காலத்தில் புரோஸ்டேட் வீங்கலாம். அது வரும்போது அதற்கு வழி இருக்கிறது.

ராஜபாளையம் பக்கத்து ஊர்க்காரர்

எங்கள் குடும்பத்தில் தாத்தா காலம் தொட்டு ராஜபாளையம் நாய்தான். தபால் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம் இது. அதனாலேயே, கருத்தடை என்ற பேச்சை எங்கள் ஊரில் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. “வம்சத்தை அறுக்கப் பார்க்கிறாயா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

போன வருடம் எங்கள் நாய் போட்ட குட்டிகளில் ஒன்று, பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக, எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. ஒருநாள் என் மனைவி கொல்லையில் ஒரு பெரிய தாம்பாளத்தைக் கைதவறிக் கீழே போட்டாள். மற்றக் குட்டிகள் துள்ளி எழுந்து சிதறி ஓடின. அது மட்டும் தரையில் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டே இருந்தது. அதன் காதருகே நான் கைதட்டியபோது, என் கை எழுப்பிய காற்று பட்டு மீசை முடி அசைந்ததே தவிர, கண் திறக்கவில்லை. எங்கள் இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது ஊரறிந்த செய்தி. அப்படியிருந்தும் அந்தக் குட்டியை வாங்கி வளர்த்து இனச்சேர்க்கைக்கு விட வேண்டும் என்று மூன்று பேர் வந்து விலை பேசினார்கள். நான் கொடுக்கவில்லை. வளர்ந்து முடிந்ததும் கருத்தடை செய்து என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அதன் உடன்பிறப்புகளில் நன்றாகக் காது கேட்கும் ஒன்றை விட்டு வைத்திருக்கிறேன். நாட்டு இனம் பிழைக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் முடித்துவிடவும் கூடாது, எல்லாவற்றையும் ஈன விடவும் கூடாது என்பதுதான் என் கட்சி.

அம்பத்தூர் அக்கா

என் அனுபவம் சிறியது. எங்கள் பெண் நாயை அறுவைக்குக் கூட்டிப்போன நாளில், மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த நாய்க்கு பிளேட்லெட் எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் கீழே இருந்தது. உண்ணிக் காய்ச்சல், வெளியே ஓர் அறிகுறியும் காட்டவில்லை. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தி எடுத்த பிறகும் இரத்தம் துளிர்த்துக்கொண்டே இருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று வயிற்றைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்து, எண்ணிக்கை ஏறிய பிறகு அறுவை நல்லபடியாக முடிந்தது.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்த மனம் வரவில்லை. நம் ஊரில் உண்ணி இல்லாத தெரு இல்லை. முகாமோ தனியார் மருத்துவமனையோ, இரத்தப் பரிசோதனை இல்லாமல் மேசையில் ஏற்றாதீர்கள். பெண் நாயாக இருந்தால் பருவத்தில் இருக்கும்போது செய்ய வேண்டாம். அப்போது கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் பருத்திருக்கும். பருவம் முடிந்து இரண்டு, மூன்று மாதங்கள் போகட்டும், மடியில் பால் கட்டியிருந்தால் அது வற்றட்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி உடம்பு வேட்டை நாய்களுக்கு மயக்க மருந்தை யோசித்துக் கொடுக்க வேண்டும். கிரேஹவுண்ட் வகை நாய்களுக்குத் தயோபென்டோன் கொடுத்தால் மயக்கம் தெளிய நெடுநேரம் ஆகும் என்பது மருத்துவர்கள் அறிந்ததுதான், நாம் நினைவுபடுத்துவதில் தவறில்லை. ஆண் குட்டிக்கு ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றிருந்தால், “ஒன்றுதானே” என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே தங்கிய விதையில் கட்டி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அதைத் தேடி எடுத்தாக வேண்டும்.

அறுவை முடிந்த வீட்டில் எல்லோரும் செய்யும் காரியம், பரிதாபப்பட்டுக் கழுத்துக் கூம்பைக் கழற்றிவிடுவது. தையலை நக்கிப் பிரிக்க ஒரு நாய்க்கு ஐந்து நிமிடம் போதும். தையல் ஆறும்வரை குளிப்பாட்டாதீர்கள், மாடிப்படி ஏற விடாதீர்கள். காயத்தின் ஓரம் சிவந்து சூடாக இருந்தால் மஞ்சள் பூசிவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் நாயாக இருந்தால், விதை எடுத்த பிறகும் சில வாரங்களுக்கு அதனால் சினை பிடிக்க வைக்க முடியும் என்பதை மறக்காதீர்கள். அதன்பின் சாப்பாடு. உடம்புக்கு வேண்டிய சக்தி குறைந்துவிடும்; பசி குறையாது, கூடும். பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். “ஆபரேஷன் செய்ததால் குண்டாகிவிட்டது” என்று சொல்லும் வீடுகளில் பாலும் பிஸ்கட்டும் முன்போலவே போய்க்கொண்டிருக்கும். கோவைத் தம்பியும் தன் நாயின் எடையை எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், முழங்கால் தசைநாருக்கு எடையும் ஒரு காரணம் அல்லவா?

கோவை, லாப்ரடார் வளர்ப்பவர்

அக்கா, எடை இருபத்தெட்டு கிலோ. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் உடம்புதான். இரத்தப் பரிசோதனை பற்றி நீங்கள் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்

கடிக்கிற நாயைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டு ஆண் நாய் அந்நியர்களைக் கடித்துவிடும். பக்கத்து வீடு, பால்காரர், என் மைத்துனர் என்று சொன்னவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “காயடித்துவிடு, அடங்கிவிடும்.” மாடு, கிடாய் எல்லாம் அப்படித்தானே அடங்குகின்றன என்பது அவர்கள் எண்ணம். செய்தோம். சுவரெங்கும் சிறுநீர் தெளிப்பது குறைந்தது, கதவு திறந்தால் தெருவுக்கு ஓடுவதும் நின்றது. பிறகு ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் முற்றத்துக்குள் காலை வைத்தார். நாய் வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, காதுகளைப் பின்னுக்குப் படுக்க வைத்து, ஓரடி ஓரடியாகப் பின்வாங்கித் துளசி மாடத்தில் முதுகு முட்டியதும் பாய்ந்து அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. அது பயத்தில் கடிக்கும் நாய் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். விதை நீக்குவதால் அலைச்சலும், எல்லை குறிப்பதும், மற்ற நாய்கள்மேல் ஏறுவதும் குறையும் என்றும், பயத்தால் வரும் கடி அதனால் தீராது, சில நாய்களுக்குக் கூடவும் செய்யும் என்றும் நடத்தைப் பயிற்சி தெரிந்த மருத்துவர் பிறகு விளக்கினார். இப்போது வாய்மூடியும் பயிற்சியுமாகக் காலம் போகிறது. கடி நிற்கும் என்ற நம்பிக்கைக்காக மட்டும் யாராவது இந்த முடிவை எடுக்க இருந்தால், முதலில் அந்த நாய் கடிக்கும்போது அதன் வால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பாளையங்கோட்டை, ஆசிரியை

ராஜபாளையத்து ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன், மீதியோடு சண்டை போடுகிறேன். “எல்லாவற்றையும் முடித்துவிடக் கூடாது” என்பதை இனம் காப்பவர் ஒருவர் சொல்லும்போது அதில் பொருள் இருக்கிறது. அதையே எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும், “ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் அதன் உடம்பு நன்றாக இருக்கும்” என்று சொல்கிறார்கள். என் மாமியாரும் சொன்னார். அப்படி ஒரு மருத்துவ விதி கிடையாது. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்தால் மார்பகக் கட்டி மிகவும் அரிது என்று 1969-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வைத்தான் உலகமெங்கும் சொல்லிவந்தார்கள். அதற்கான சான்றுகள் வலுவானவை அல்ல என்று 2012-இல் ஒரு மறுஆய்வு சொன்னது உண்மைதான். ஆனால் ஒருமுறை குட்டி போடுவது நாயைக் காக்கும் என்று இந்த இரண்டில் எதுவுமே சொல்லவில்லை.

என் நாத்தனார் வீட்டு நாய் போன மார்கழியில் குட்டி போட்டது. கண் திறப்பதற்குள்ளேயே ஆண் குட்டிகளுக்கெல்லாம் ஆள் சொல்லியாயிற்று. பெண் குட்டிகளைப் பார்க்கப் பைக்கில் வந்த ஒருவர், கூடைக்குள் கையை விட்டு ஒன்றைத் தூக்கினார், வாலை விரலால் உயர்த்திப் பார்த்தார், கீழே வைத்தார். அடுத்ததைத் தூக்கினார், வாலை உயர்த்தினார், கீழே வைத்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, “எல்லாம் பொட்டையா?” என்று கேட்டபடி கையைத் துடைத்துக்கொண்டு போனார். அந்தக் குட்டிகளைச் சந்தை மேட்டில் விட்டுவிடலாம் என்று அந்த வீட்டிலேயே பேச்சு எழுந்தது. நான் எடுத்து வந்து, பள்ளியில் ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சி வீடு தேடிக் கொடுத்தேன். கொடுக்கும்போதே கருத்தடைச் செலவு என்னுடையது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதைச் சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-இலேயே தொடங்கிவிட்டது. மத்திய அரசு அதற்கு 2001-இல் விதிகள் வகுத்தது. 2023-இல் வந்த புதிய விதிகள், வளர்ப்புப் பிராணிக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் அதை வளர்ப்பவரின் பொறுப்பு என்று எழுதியே வைத்திருக்கின்றன. மாநகராட்சி வண்டி வந்து தெருநாயைப் பிடிக்கவில்லை என்று சத்தம் போடுகிற வீடுகளிலிருந்துதான் வாலை உயர்த்திப் பார்த்துக் கழிக்கப்பட்ட குட்டிகள் தெருவுக்குப் போகின்றன. கோவை நண்பரே, வயதைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை வயதுவரை காத்திருக்கச் சொன்னால், அதற்குள் இரண்டு பருவம் வரும். ஒவ்வொன்றும் மூன்று வாரம். சுற்றுச்சுவர் இல்லாத ஓட்டு வீட்டில், வேலைக்குப் போகிற தம்பதியர், வாசலில் நிற்கும் அத்தனை நாய்களையும் தாண்டி அதை எப்படிக் காப்பார்கள்? இணைசேரும்போது நாய்க்கு நாய் பரவும் பால்வினைக் கட்டி ஒட்டிக்கொள்வதும் அந்த மூன்று வாரத்தில்தான். அவர்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கோவை, லாப்ரடார் வளர்ப்பவர்

காக்க முடியாத வீடு என்றால் முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், டீச்சர். நாட்டு நாய் பெரும்பாலும் நடுத்தர உடம்பு. மூட்டுக் கணக்கைவிடச் சினைக் கணக்குத்தான் அங்கே பெரிது. எங்கள் வீட்டுக்கு இப்போது ஒரு பெண் லாப்ரடார் வந்திருக்கிறது. மாடியும் பூட்டிய கேட்டும் இருப்பதால் முதல் பருவம் கடக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். ஒரு வயது தாண்டி, அம்பத்தூர் அக்கா சொன்ன அந்த இரண்டு மூன்று மாத இடைவெளியில், இரத்தம் பார்த்துவிட்டுச் செய்வதாக மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறேன்.