எச்சில் குழாய் அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

படுக்கைவாசி:
நாள்பட்ட சோர்வு நோய்க்குறி வந்து பதினோரு வருடம். பிரிட்டனில் இந்த நோய்க்கான மரபணுக் காரணத்தைத் தேடும் டிகோட்எம்இ ஆய்வு 2022 செப்டம்பரில் தொடங்கியதும் கேள்வித்தாளைப் படுத்தபடியே நிரப்பினேன், மூன்று தவணையாக. அப்புறம் தபாலில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய். கோடு வரைக்கும் எச்சில் துப்பி, மூடி அனுப்ப வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எனக்கோ மாத்திரையால் எப்போதும் வாய் வறட்சி. நுரை எழும்பிக் கோட்டைத் தொடும், கொஞ்ச நேரத்தில் அடங்கிக் கீழே போய்விடும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். மறுநாள் முழுக்கப் படுக்கைதான்.

ஆய்வுக்கு 32 லட்சம் பவுண்டு, எல்லாம் அரசாங்க ஆராய்ச்சி நிதி. 2025 ஆகஸ்டில் முதல் முடிவு வந்தது. 15,579 நோயாளிகளின் டி.என்.ஏ.வை நோயில்லாதவர்களுடையதோடு ஒப்பிட்டதில் எட்டு இடங்களில் வேறுபாடு. அவற்றில் சில நோய் எதிர்ப்போடும் நரம்பு மண்டலத்தோடும் தொடர்புள்ளவை. மருந்து ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் "டென்ஷனா, வீட்டில் பிரச்சினையா" என்று ஆரம்பிக்காமல் நேராக எச்சிலைக் கேட்டார்களே, அதுவே எனக்குப் பெரிய விஷயம். நீங்களும் ஏதாவது ஆய்வில் சேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மாடிப்படி:
எனக்கு அரசாங்க நிதியோடு பழக்கம் வேறு மாதிரி. இதே நோய்க்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 2011-ல் வெளிவந்த பேஸ் ஆய்வுக்கும் அரசுதான் பணம் கொடுத்தது, கிட்டத்தட்ட 50 லட்சம் பவுண்டு. 641 பேர். கொடுத்தவர்களில், வேலை செய்ய முடியாதவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் துறையும் உண்டு, அதைக் கவனியுங்கள்! உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் தேறலாம் என்று முடிவு சொன்னார்கள். அடுத்த வருடம் என் கையில் ஒரு அட்டவணை. வாரத்துக்கு ஐந்து நிமிடம் நடை கூட்ட வேண்டும். ஆறாவது வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். சொன்னால், "உங்கள் பயம்தான் தடை" என்றார் பயிற்சியாளர். 2021 அக்டோபரில், சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு அந்தச் சிகிச்சையை வழிகாட்டுதலிலிருந்தே எடுத்துவிட்டது. எனக்கு யாரும் போன் போட்டுச் சொல்லவில்லை. அதனால் இப்போதெல்லாம் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பார்ப்பதில்லை, எந்தக் கேள்விக்கு ஒதுக்கினார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

அம்மாவின் மகன்:
கேள்வி சரியாக இருந்தாலும் பணம் போய்ச் சேர வேண்டுமே. அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த நோய்க்கென்று கணக்குக் காட்டிய 2.27 கோடி டாலரில் 88 லட்சம் வேறு வேலைகளுக்குப் போனது 1999 தணிக்கையில் வெளியானது. இன்னும் 41 லட்சத்துக்குச் சரியான கணக்கே இல்லை. அந்த வருடங்களில்தான் அம்மா படுக்கையில் விழுந்தார். பிற்பாடு அங்கே தேசிய சுகாதார நிறுவனம் 2016-ல் தொடங்கிய ஆய்வு 2024-ல் வெளிவந்தது. ஆராயப்பட்ட நோயாளிகள் 17 பேர். நாட்கணக்கில் ஆஸ்பத்திரியில் தங்கிப் பரிசோதனைக்கு ஈடு கொடுக்க வேண்டும். அம்மாவால் காரில்கூட உட்கார முடியாது, சேர்த்துவிடலாமா என்று நாங்கள் பேசக்கூட இல்லை. தபாலில் குழாய் அனுப்பியது நல்ல யோசனை.

புதியவன்:
வேறொரு ஆய்வுக்கு எனக்கும் குழாய் வந்திருக்கிறது, ஒரு வாரமாக மேசையில் கிடக்கிறது. வாய் வறட்சிக்கு என்ன செய்தீர்கள்?

படுக்கைவாசி:
கன்னத்தை வெளியிலிருந்து மெதுவாகத் தேய்த்துவிடுங்கள், சுரக்கும். நுரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்த நாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.