வியர்வையில் கழன்றுவிடும் ஹார்மோன் பேட்ச்

வயது 51, ஊர் மதுரை. மாதவிடாய் நின்றபின் வந்த உடல் தகிப்புக்காக, ஜனவரி முதல் 50 மைக்ரோகிராம் எஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) பேட்ச்சைத் தோலில் ஒட்டுகிறேன். வாரம் இருமுறை மாற்ற வேண்டியது. கருப்பை இருப்பதால், அதன் உட்சுவரைப் பாதுகாக்க இரவில் 100 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைவிட இரத்தக்கட்டி அபாயம் குறைவென்று மருத்துவர் பேட்ச்சைத் தேர்ந்தெடுத்தார். நல்ல பலன், தூக்கம் திரும்பியது.

சித்திரை வெயில் ஏறியதும், ஒட்டிய மறுநாளே பேட்ச்சின் ஓரம் சுருண்டு, புடவைக் கட்டில் உரசிக் கழன்றுவிடுகிறது. அன்றிரவே தகிப்பு, தலையணை நனையும் வியர்வை.

அடிவயிற்றிலிருந்து பிட்டத்துக்கு மாற்றினேன். எண்ணெய், பவுடர் படாத உலர்ந்த தோலில் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினேன். மேலே பிளாஸ்திரி போட்டால் தோல் சிவந்து அரிக்கிறது. மருந்துக்கடையில், தோலில் தடவும் ஹார்மோன் ஜெல்லுக்கு மாறச் சொல்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் மாற மாட்டேன். அவரைப் பார்ப்பது அடுத்த மாதம்.

கோடையிலும் பேட்ச் கழலாமல் வைத்திருக்கும் சகோதரிகளே, எந்த இடத்தில், எப்படி ஒட்டுகிறீர்கள்?